பெட்டை நாயைக் குட்டி போட விடலாமா? முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு படியாக

வீட்டில் ஒரு பெட்டை நாய் இருந்து, அது ஹீட்டுக்கு (இணைசேரும் பருவத்துக்கு) வந்துவிட்டால் போதும், அதுவரை அதை எட்டிக்கூடப் பார்க்காத சொந்தக்காரர்களெல்லாம் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். “ஒரு தடவையாவது குட்டி போடட்டும்ப்பா, பாவம்.” “எனக்கு ஒண்ணு எடுத்து வெச்சிரு.” “நாட்டு நாயெல்லாம் அழிஞ்சிட்டு வருது, நீ போய் கருத்தடை பண்ணப் போறேங்கிற?” எங்கள் வெள்ளச்சி விஷயத்தில் இந்த மூன்றையும் கேட்டு, மூன்றையும் நம்பி, ஒரே ஒரு ஈற்றுக்கு விட்டோம். அது ராஜபாளையம் பெட்டை, அப்போது இரண்டே முக்கால் வயது. ஆறு குட்டிகள். அந்த ஆறும் என்ன ஆயின என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

கிராஸ் பண்ணுவது எப்படி என்று இதில் தேடாதீர்கள். விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் இது. எந்தப் படியில் ‘இல்லை’ என்று பதில் வருகிறதோ அங்கேயே நின்றுவிட்டு நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுங்கள். இன்னொன்று, இதை ஹீட் நேரத்தில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். இரத்தக் கசிவு தெரிந்த பிறகு உங்கள் கையில் இருப்பது ஒன்பது பத்து நாள், அதற்குள் ஆண் நாய் தேடுவதா, சோதனை எடுப்பதா, லீவு கேட்பதா என்று எல்லாமே அவசரத்தில் அரைகுறையாகிவிடும். பெரும்பாலான நாய்கள் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை ஹீட்டுக்கு வரும். ஆகவே ஒரு ஹீட் முடிந்த கையோடு அடுத்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் சரியாக இருக்கும்.

படி 1: காரணத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

‘அவளுக்கும் ஆசை இருக்குமே’ என்பது நம் மனசு, நாயின் மனசு இல்லை. ஹீட்டில் அவளுக்கு வருவது ஹார்மோன் உந்துதல், அது மூன்று வாரத்தில் அடங்கிவிடும். தாயாக முடியவில்லையே என்று எந்த நாயும் ஏங்கிப்போய் உட்கார்ந்திருப்பதில்லை.

‘ஒரு தடவை ஈன்றால் கர்ப்பப்பைக்கு நல்லது’ என்பது அடுத்தது. இங்கே பயப்பட வேண்டிய நோய் பயோமெட்ரா, அதாவது கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது. பெரும்பாலும் ஹீட் முடிந்த நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் வரும். தண்ணீராகக் குடித்துத் தள்ளும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சில நாய்களுக்கு வெளியே எந்தக் கசிவும் தெரியாது. குட்டி போட்ட நாய்க்கும் இது வரும். தடுக்க நம்பகமான வழி கருத்தடை அறுவைதான்.

‘ஆணை ஒரு தடவை விட்டால் சாந்தமாகிவிடும்’ என்பதற்கும் இதே கதி. ருசி கண்ட பூனை கதையாக, சுவரேறிக் குதிப்பது கூடத்தான் செய்யும்.

‘நாட்டு இனத்தைக் காப்பாற்ற’ என்ற காரணம் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வைக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நமக்கென்று இனங்கள் இருக்கின்றன. ராஜபாளையத்துக்கு 2005-இல் தபால்தலையே வந்தது. 2020-இல் தேசிய விலங்கு மரபணு வள மையம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்து முதோல் நாயோடு சேர்த்துத் தனி இனங்களாகப் பதிவு செய்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு நாய் வளர்க்கும் ஆசையும் பரவியது. நல்லதுதான். ஆனால் ஒரு இனம் பிழைப்பது தலைக்கணக்கால் இல்லை, ஆரோக்கியமான, உறவுமுறை தள்ளிய, குணம் கெடாத நாய்கள் சேர்வதால். உங்கள் நாய் அந்தக் கணக்கில் வருமா என்பது படி 3-இல் தெரியும்.

பணம்தான் காரணம் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். குற்றமில்லை. கணக்கு கீழே வருகிறது, பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

படி 2: குட்டிக்கு முன்னால் வீடு

எல்லோரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள், நாங்களும் அப்படித்தான். ராஜபாளையம், லேப்ரடார் போன்ற பெரிய உடம்பு நாய் ஒரே ஈற்றில் ஆறு, எட்டு என்று போடுவது சாதாரணம். ஆகவே எட்டு வீடு வேண்டும். ‘எனக்கு ஒண்ணு’ என்று சொன்னவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் போன் போட்டு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: சொந்த வீடா வாடகை வீடா, வாடகையென்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? பெட்டைக் குட்டி கிடைத்தால் சம்மதமா?

எங்கள் தாளில் பதினோரு பெயர் இருந்தது. இந்தப் போனைக் குட்டி பிறந்து ஐந்தாவது வாரம்தான் போட்டேன். மூன்றாவது கேள்வியிலேயே ஐந்து பேர் கழன்றுகொண்டார்கள், ஒருவர் “பொட்டைக் குட்டின்னா வேண்டாம் தம்பி, அது குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்” என்று என்னிடமே சொன்னார். வீட்டுக்காரர் கேள்வியில் இன்னும் மூன்று. மிச்சம் மூன்று வீடு, கையில் ஆறு குட்டி.

நான்காவது கேள்வி ஒன்று உண்டு, அது உங்களுக்கு. கொடுத்த குட்டி ஒரு வருடமோ ஐந்து வருடமோ கழித்துத் திரும்பி வந்தால் வாங்கிக்கொள்வீர்களா? மாற்றலாகிப் போகிறவர்கள், குழந்தை பிறந்த வீட்டார், கடித்துவிட்டது என்று வருபவர்கள், எல்லோரும் உங்களைத்தான் தேடி வருவார்கள். நீங்கள் வாங்கவில்லையென்றால் அது நெடுஞ்சாலை ஓரத்திலோ கோயில் வாசலிலோ போய் நிற்கும். இதற்கு ‘ஆமாம்’ வராவிட்டால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

படி 3: உங்கள் நாயை அடுத்தவர் நாய் மாதிரி பாருங்கள்

முதலில் குணம், பிறகுதான் உடம்பு. வாசலில் ஆள் வந்தால் குலைப்பது சரி, ஆனால் விருந்தாளி உட்கார்ந்து காபி குடித்து முடிக்கும்வரை கட்டிப்போட வேண்டியிருக்கிறதா? தெருவில் லாரி போனால் கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிறதா? பயமும் மூர்க்கமும் வளர்ப்பினால் மட்டும் வருவதில்லை, பாதி இரத்தத்தில் வருகிறது. அது போக, பிறந்த குட்டி முதல் எட்டு வாரம் பார்த்துக் கற்றுக்கொள்வது அம்மாவைத்தான். வீட்டு ஆட்களைத் தவிர யாரையும் அண்டவிடாத நாயின் குட்டியைச் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்க உங்களுக்கு மனசு வருமா?

வயது: முதல் ஹீட்டில் கண்டிப்பாக வேண்டாம். 18 மாதம் ஆகாத பெட்டையை ஈனவிடக் கூடாது என்று விதியே இருக்கிறது. பெரிய இனமென்றால் இரண்டு வயது தாண்டட்டும். ஐந்தாறு வயதில் முதல் ஈற்று என்பதும் ஆபத்து, பிரசவம் சிக்கலாகும்.

உடம்பு: ‘நல்லாத்தானே ஓடுது’ என்பது சோதனை ஆகாது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே எடுங்கள். மூட்டுக் குறை பல நாய்களில் வயதான பிறகுதான் நொண்டலாக வெளியே தெரியும், அதற்குள் குட்டிகள் ஊரெல்லாம் போயிருக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய் நடந்தாலே மூச்சு வாங்குகிறதென்றால் முடிவு அங்கேயே வந்துவிட்டது. ஸ்கின் அலர்ஜி, வலிப்பு, ஒரு விரை இறங்காத ஆண், இவையெல்லாம் தலைமுறை தாண்டிப் போகும் விஷயங்கள்.

ராஜபாளையத்தில் பார்க்க வேண்டியது காது. எங்கள் ஆறில் ஒரு ஆண் குட்டியை நல்ல வீடு பார்த்துத்தான் கொடுத்தோம். மூன்றே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். “கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது, அவ்வளவு திமிரு” என்றார் அந்த அண்ணன். அன்று மத்தியானம் அது அடுப்படி வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். திண்ணையில் கிடந்த வெள்ளச்சி எழுந்து ஓடிவந்தாள். இது காதைக்கூட அசைக்கவில்லை.

நிறமிச் செல்கள்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். தூய வெள்ளை, ரோஸ் மூக்கு என்று நாம் அழகாக நினைக்கிற அந்த நிறமின்மை உள்காது வரைக்கும் போய்விட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்பு சிதைந்துவிடும். உங்களிடம் வெள்ளை நாய் இருந்தால், அதன் உடன்பிறப்புகளில் செவிடு உண்டா என்று வாங்கிய இடத்தில் கேளுங்கள். தட்டு தட்டிப் பார்க்கலாம், ஆனால் தரையில் போட்டுத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும், கேட்கிறதென்று ஏமாந்துபோவோம். அப்புறம், ஒரு காது மட்டும் கேட்காத நாயை இந்த முறையில் பிடிக்கவே முடியாது. அதற்கு சத்தத்துக்கு மூளையில் எழும் மின்னலைகளை அளக்கும் ‘பேர்’ (BAER) சோதனைதான் வேண்டும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடங்களில் விசாரியுங்கள். ஒரு காது நாயும் குறையைக் குட்டிக்குக் கடத்தும். வெள்ளச்சியின் காதை நாங்கள் சோதித்ததே இல்லை, அது எங்கள் தப்பு.

படி 4: ஆண் நாய்

பக்கத்துத் தெருவில் இருக்கிறது, கேட்டால் ஒரு குட்டிக்கு ஒத்துக்கொள்வார்கள், இதுதான் நம்மூர் வழக்கம். அந்த ஆணுக்கும் படி 3 முழுக்கப் பொருந்தும். அதற்கு மேல் இரண்டு விஷயம்.

ஒன்று, சொந்தம். நாட்டு இனங்களில் இது பெரிய தலைவலி, ஏனென்றால் ஒரே ஊரில் நாலு வீட்டு நாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அண்ணன் தங்கையையோ அப்பா மகளையோ சேர்த்தால் உள்ளினச் சேர்க்கைக் கணக்கு 25 சதவீதம், அம்மாவோ அப்பாவோ ஒன்றாக இருக்கும் குட்டிகளைச் சேர்த்தால் 12.5. மறைந்திருக்கும் குறையெல்லாம் அதில்தான் வெளியே வரும். மூன்று தலைமுறை யார் யாரென்று இரண்டு பக்கமும் சொல்ல முடியவில்லையென்றால் விட்டுவிடுங்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழ் இருந்தால் வம்சாவளி தெரியும். ஆனால் அந்தத் தாள் நாய்க்கு நோய் இல்லை என்று சொல்லும் தாள் கிடையாது, இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

இரண்டு, தொற்று. புரூசெல்லா இரத்தப் பரிசோதனையை இரண்டு நாய்க்கும் எடுங்கள். அது கருவைக் கலைக்கும், மனிதருக்கும் பரவும். இன்னொன்று டி.வி.டி. (TVT) என்கிற பாலுறுப்புக் கட்டி, தெருவில் சுற்றும் நாய்களிடம் நம் நாட்டில் சகஜம், சேரும்போது ஒட்டிக்கொள்ளும். வாராவாரம் கீமோ ஊசி போட்டுத்தான் குணமாக்க வேண்டும். கேட்டால் ஆண் நாய்க்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள் எவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் தெரு நாய் ஒன்று காம்பவுண்ட் சுவரைத் தாண்டிவிட்டால் எல்லாம் போச்சு. ஒரே ஈற்றில் இரண்டு அப்பாக்களின் குட்டிகள் பிறக்க முடியும். மூன்று வாரமும் உள்ளேயே வைத்திருக்க முடியாத வீடென்றால் இது உங்களுக்கு ஆகாது.

படி 5: சட்டம், சுருக்கமாக

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் 2017-இல் வந்தன. விற்பதற்காக இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும், ஒரு பெட்டைக்கு ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ‘நாப்பது நாள் குட்டி ரெடி’ என்று வரும் வாட்ஸ்அப் விளம்பரங்கள் எல்லாம் எந்தக் கணக்கில் வருகின்றன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: காலண்டரை எடுங்கள்

நாயின் கர்ப்பம் ஏறத்தாழ 63 நாள். அதற்குப் பிறகு எட்டு வாரம் குட்டிகள் வீட்டில். ஆக, சேர்த்த நாளிலிருந்து நான்கு மாதம்.

மாசியில் சேர்த்தால் குட்டி கத்திரி வெயிலில் கண் விழிக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் குட்டிகளால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது. மழைக்காலத்தில் பல்பு போட்டுச் சூடு காட்ட வேண்டும், மே மாதத்தில் அதே குட்டி தண்ணீர் வற்றிச் சுருண்டுவிடும். ஆவணியில் சேர்த்தால் பிரசவம் தீபாவளியைச் சுற்றி வரும். வெடிச் சத்தத்துக்குப் பயந்த தாய் எழுந்து ஓடும்போது குட்டிமேல் மிதிக்கும், மேலேயே படுத்துவிடும். இதெல்லாம் யாரும் சொல்வதில்லை, பட்டுத்தான் தெரிகிறது.

அதே நான்கு மாதத்தில் வீட்டில் கல்யாணம், பரீட்சை, மாற்றல், வயதானவர்களுக்கு ஆபரேஷன் ஏதாவது உண்டா? பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து செத்த நாய் ஒன்று உங்கள் வளாகத்தில் கடந்த ஒரு வருடத்துக்குள் இருந்ததா? அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், குட்டிகளை வாரிக்கொண்டு போய்விடும்.

படி 7: ராத்திரி இரண்டு மணிக்கு யார்?

பிரசவம் பெரும்பாலும் ராத்திரியில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் அந்த நேரத்தில் நாய்க்கு சிசேரியன் செய்யும் டாக்டர் இருக்கிறாரா, போனை எடுப்பாரா, அங்கே போக வண்டி இருக்கிறதா? அக்கம்பக்கத்தில் ‘பார்த்துக்கலாம்’ என்பார்கள். பார்த்துக்கொள்ள முடியாத கட்டங்கள் இருக்கின்றன. பலமாக முக்கி அரைமணி நேரமாகியும் குட்டி வராதது, உள்ளே இன்னும் குட்டி இருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சைக் கசிவு. இதில் எதற்கும் விடியும்வரை காத்திருக்க முடியாது. சிசேரியன் பில் தனியார் இடத்தில் ஐந்து இலக்கத்தில்தான் வரும். அந்தப் பணம் முன்கூட்டியே தனியாக இருக்க வேண்டும்.

கால்சியம் பற்றி ஒன்று. கர்ப்பமாக இருக்கும்போது கால்சியம் டானிக்கை ஊற்றி ஊற்றிக் கொடுப்பது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும், பால் பெருகும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் இரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி நாய் நடுங்கி விறைத்து வலிப்பில் விழும். அப்போது டாக்டர் நரம்பில் ஊசி போட்டால்தான் பிழைக்கும்.

படி 8: எட்டு வாரத்தின் கணக்கு

முதல் மூன்று வாரம் தாய் எல்லாவற்றையும் நக்கிச் சுத்தம் செய்துவிடுவாள், வீடு சொர்க்கம் மாதிரி இருக்கும், போட்டோ எடுத்துத் தள்ளுவீர்கள். நான்காவது வாரம் கூழ் சாப்பிட ஆரம்பித்ததும் அவள் அந்த வேலையை உங்களிடம் ஒப்படைத்துவிடுவாள். ஆறு குட்டி, ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, அதை நான்கு கால்களாலும் மிதித்துத் தானும் பூசி அடுத்ததற்கும் பூசி, விடிகாலை ஐந்து மணிக்கு நீங்கள் பினாயில் வாளியோடு நிற்பீர்கள். எங்கள் வீட்டில் பேப்பர் தீர்ந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் விரித்தோம்.

செலவை எழுதிக்கொள்ளுங்கள். தாய்க்கு உச்சத்தில் வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு. ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு, நான்கு, ஆறு, எட்டாவது வாரங்களில் பூச்சி மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. பால் போதவில்லையென்றால் நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்பொடி, விலை அதிகம், அதற்காகப் பசும்பாலை ஊற்றினால் வயிற்றுப்போக்கு. நாங்கள் இரண்டு குட்டியை விற்றோம், நோட்டில் கூட்டிப் பார்த்தபோது கையிலிருந்து போட்டதில் பாதிகூடத் திரும்பவில்லை. லாபம் பார்க்கிறவர்கள் இதில் எதையோ வெட்டித்தான் பார்க்கிறார்கள், பெரும்பாலும் தடுப்பூசியை, இல்லாவிட்டால் தாயின் சாப்பாட்டை.

நேரமும் செலவுதான். மூன்றாவது வாரத்திலிருந்து குட்டி மிக்சி சத்தம், குழந்தை, குடை, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் பார்த்துப் பழக வேண்டும். மாடியில் கூண்டில் வளர்ந்த குட்டி ஆயுசுக்கும் பயந்தாங்கொள்ளியாக இருக்கும். இருவரும் வேலைக்குப் போகும் வீடென்றால் இதை யார் செய்வது?

கடைசிப் படி: ‘இல்லை’ என்று முடிவானால்

இந்த ஹீட்டில் கருத்தடை அறுவை வேண்டாம், அந்த நேரத்தில் இரத்தப்போக்கு அதிகம். முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தேதி வாங்குங்கள். பெரிய இனத்தில் எந்த வயதில் செய்வது நல்லது என்பது மூட்டு வளர்ச்சியையும் பொறுத்தது, டாக்டரிடம் பேசுங்கள். இதற்குள் தப்பித்தவறி ஒரு தெரு நாயோடு மாட்டிக்கொண்டால் தண்ணீர் ஊற்றிப் பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் காயமாகும். அது தானாக விடும்வரை நின்றுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கு விற்கும் மாத்திரையை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் குட்டி நாய்கள் ஓட வேண்டும் என்ற ஆசைதான் உண்மையான காரணமென்றால் (பாதிப் பேருக்கு அதுதான், எனக்கும் அதுதான்), சென்னையில் புளூ கிராஸ் போல உங்கள் ஊர்ப் பக்கமும் மீட்பு இல்லங்கள், தனியாட்கள் இருப்பார்கள். மீட்கப்பட்ட தாயையும் குட்டிகளையும் எட்டு வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். பினாயில் வாளி உட்பட எல்லா அனுபவமும் கிடைக்கும்.

வெள்ளச்சிக்கு அந்த ஈற்று முடிந்து ஐந்தாவது மாதம் அறுவை செய்தோம். பத்து நாள் கழுத்தில் கூம்பு மாட்டிக்கொண்டு எல்லாக் கதவிலும் இடித்தாள். மூன்று குட்டி நல்ல வீட்டில் இருக்கின்றன, ஒன்று பார்வோவில் போயிற்று, ஒன்றைக் கொண்டுபோனவர் இப்போது போனை எடுப்பதில்லை. திமிர் பிடித்தவன் எங்களோடுதான். கயிறில்லாமல் வெளியே விடுவதில்லை, தூங்கும்போது தொடுவதற்கு முன்னால் தரையில் காலால் லேசாகத் தட்டுவோம், ராத்திரி தோட்டத்திலிருந்து கூப்பிட வாசல் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டால் வந்துவிடுகிறான்.